வாசிப்பறிந்து வாங்குவோம்

இக்கல்வியாண்டின் முதற் பருவத்தில் நம் பள்ளி இலக்கிய மன்றத்தின் சார்பில் நடைபெற்ற பட்டிமன்றம் மாணவியர் நினைவில் இருக்கும். ‘வாசிப்பை வளர்ப்பது அச்சு நூலா, மின்னூற் கருவியா?’ என்பது தலைப்பு. நடுவராக அமரும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. அச்சு நூலின் சார்பில் பேசியவர்கள் புதுத் தாளின் மணத்தையும், புத்தகத்துக்குள் குட்டி போடும் என்று காத்திருந்த மயிலிறகையும் எடுத்துரைத்தனர். கருவியின் சார்பில் பேசியவர்கள் ஓராயிரம் நூல்கள் உள்ளங்கையில் அடங்கும் விந்தையை விளக்கினர். இரு பக்கத்துக்கும் கைதட்டல் பலமாக இருந்தது. நானும் நடுவர்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். ‘இரண்டும் நமக்கு இரு கண்கள்’ என்று தீர்ப்புக் கூறி, போர்த்திய பொன்னாடையோடு மேடையை விட்டு இறங்கினேன்.

இறங்கிய இடத்திலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காத்திருந்தாள். “மிஸ், எங்க அப்பா தீபாவளி போனஸ்ல எனக்கு ஒரு ரீடர் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கார். எதை வாங்கணும் மிஸ்?” என்று கேட்டாள். அவள் தந்தை ஓர் அச்சகத்தில் பணிபுரிபவர். வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். பத்தாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் விலை போகும் ஒரு பொருளை அந்த வீடு ஒரு முறைதான் வாங்கும். தவறாக வாங்கிவிட்டால் மறுமுறை இல்லை. இரு கண்கள் என்ற என் தீர்ப்பு அந்தப் பிள்ளைக்கு எந்த வகையிலும் உதவாது என்பதை அக்கணமே உணர்ந்தேன். “யோசித்துச் சொல்கிறேனம்மா” என்று அனுப்பிவைத்தேன். யோசித்ததன் பயனே இக்கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். ‘எந்தக் கருவி சிறந்தது?’ என்பது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி. ‘நான் எப்படிப் படிக்கிறவள்?’ என்பது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதைக் கேட்பது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதற்கு ஒப்பாகும். இதை நான் புத்தக அறிவால் கூறவில்லை. என் தாயார் விஷயத்தில் நான் செய்த பிழையால் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லுமுன் இக்கருவி யாது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஏனெனில் பெற்றோர் பலர் டேப்லட்டையும் இதையும் ஒன்றெனவே எண்ணுகின்றனர்.

கைப்பேசியும் டேப்லட்டும் மின்னூலைக் காட்டும் என்பது உண்மையே. ஆயினும் அவற்றின் திரை ஒரு விளக்கு. படிப்பவர் மணிக்கணக்கில் விளக்கை உற்று நோக்குகிறார். மின்னூற் கருவியின் திரை அத்தகையதன்று. அது தாளைப் போலத் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியின் விளைவாக 1997-இல் தோன்றிய ஈ-இங்க் என்னும் நிறுவனம் இத்திரையை உருவாக்கியது. தலைமயிரின் பருமனே உள்ள நுண்குமிழ்கள் திரையெங்கும் பரவியுள்ளன. ஒவ்வொரு குமிழினுள்ளும் தெளிந்த திரவத்தில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. இரண்டும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்றவை. மின்புலம் ஒரு பக்கம் திரும்பினால் வெண்மை மேலே வரும். மறுபக்கம் திரும்பினால் கருமை மேலே வரும். அவ்வளவே! எழுத்து அமைந்த பின் அதை அப்படியே நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் புரளும்போதுதான் செலவு. ஆகவேதான் ஒரு முறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் வருகிறது. இருட்டில் படிப்பதற்கென இப்போதைய கருவிகளில் சிறு விளக்குகளும் உண்டு. அவையும் திரையின் ஓரத்திலிருந்து பக்கத்தின்மேல் ஒளியைப் படரவிடுகின்றனவே அன்றிக் கண்ணுக்கு நேரே வீசுவதில்லை.

இத்திரையுடன் முதன்முதலாகக் கடைக்கு வந்தது 2004-இல் ஜப்பானில் சோனி நிறுவனம் வெளியிட்ட லிப்ரியே. உலகறியச் செய்தது 2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் வெளியிட்ட கிண்டில். பின்னர் கோபோ முதலிய பிறவும் வந்தன.

இத்திரைக்குக் குறைகள் உண்டு. பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். வண்ணத் திரைகள் வந்துள்ளனவெனினும் அந்த வண்ணம் வெளுத்த சேலையை நினைவூட்டுகிறது. பக்கம் புரள ஒரு கணம் தாமதமாகும். திரைப்படம் பார்க்க உதவாது. இக்கடைசிக் குறையை நான் குறையென்று கொள்ளேன். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது, இணைய வகுப்புக்கென்று கடன் வாங்கி டேப்லட் வாங்கித் தந்த பெற்றோர் நம்மிடையே பலர். அதில் கதைப் புத்தகமும் படிக்கலாம் என்று நானே அப்போது கூறினேன். “படிக்கத்தான் மிஸ் எடுப்பேன். எடுத்த கை வேற எங்கியோ போயிடும்” என்று ஒரு மாணவி பின்னாளில் என்னிடம் உண்மையைச் சொன்னாள். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் கையும் அப்படித்தான் போகிறது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

என் தாயார் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கால வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் பிரித்தெடுத்து, ஆண்டு முடிவில் பைண்டு செய்து வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. எங்கள் வீட்டு மர பீரோவின் இரண்டு தட்டுகள் அந்தப் பைண்டு புத்தகங்களாலேயே நிறைந்திருந்தன. எழுபத்தைந்து வயதைக் கடந்தபின் அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஆயினும் விழித்திரையிலும் பழுது இருந்தமையால், சிறிய எழுத்து இனித் துலங்காது என்று மருத்துவர் கூறிவிட்டார். பூதக்கண்ணாடியை ஒரு கையிலும் புத்தகத்தை மறு கையிலும் பிடித்துச் சில நாள் முயன்றார். பிறகு மணிக்கட்டு வலிக்கிறதென்று வைத்துவிட்டார்.

நான் என்ன செய்தேன்? தள்ளுபடி விற்பனையில் எது மலிவு என்று பார்த்து, ஆறு அங்குலத் திரையுள்ள ஒரு கருவியை வாங்கினேன். நூலகத் தளங்களிலிருந்து அவருக்குப் பிடித்த காலத்துப் பழைய நூல்களையெல்லாம் இரவெல்லாம் விழித்திருந்து அதில் ஏற்றினேன். அறுபது நூல்களுக்கு மேல் இருக்கும். பிறந்த நாளன்று அவர் கையில் கொடுத்தபோது எனக்கிருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. “படிக்கிறீங்களாம்மா?” என்று தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், “படிக்கிறேன் கண்ணு, படிக்கிறேன்” என்பார். ஐந்து மாதம் கழித்து விடுமுறைக்குச் சென்றபோது அக்கருவி தலையணைக்கடியில் உறையோடு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முதல் நூலின் நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை. நான் வருந்தக்கூடாதென்று ஐந்து மாதமாகப் பொய் சொல்லியிருக்கிறார்! ஒரு முதியவருக்கு ஐந்து மாத வாசிப்பு என்பது எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பிழை எங்கே நேர்ந்தது? கருவியில் பழுதில்லை. நான் ஏற்றிய நூல்களே அக்கருவிக்குப் பொருந்தாதவை. இதுதான் தமிழ் வாசகர் அனைவரும் முதலில் அறிய வேண்டிய செய்தி. கடையில் எவரும் இதைச் சொல்வதில்லை. மின்னூல் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் இரு வகை. ஒன்று, பழைய நூலின் பக்கங்களைப் படம் பிடித்து அடுக்கியது. பெரும்பாலும் பி.டி.எஃப் என்ற பெயரில் வருவது இதுவே. மற்றொன்று, எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தது. ஈபப் என்பதும் கிண்டிலின் கோப்பு வகைகளும் இதில் அடங்கும். தட்டச்சு நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். பாத்திரத்துக்கேற்ற நீர் போல. பட நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் பெரிதாகித் திரைக்கு வெளியே வழியும். ஒவ்வொரு வரியையும் படிக்க விரலால் இடமும் வலமும் இழுக்க வேண்டும். நடுங்கும் விரலுக்கு இது ஆகுமா?

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். ஆறு அங்குலம் என்று விளம்பரத்தில் காண்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர், உயரம் 12. நாம் விண்ணப்பம் எழுதும் ஏ-4 தாளின் அகலமோ 21 சென்டிமீட்டர். அந்தத் தாளின் படத்தை இந்தத் திரையில் காட்டினால் எழுத்து பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். நல்ல கண்ணுள்ளவர்க்கே அது எறும்பு வரிசை. பத்தேகால் அங்குலத்தை ஒட்டிய பெரிய திரைகள் உள்ளன. அவற்றின் பரப்பு நம் டெமி அளவுப் புத்தகப் பக்கத்துக்கு ஏறக்குறையச் சமம். பட நூல்களையே மிகுதியாகப் படிப்பவர்கள், அதாவது ஆராய்ச்சி மாணவியர், பழந்தமிழ் நூல்களைத் தேடுபவர், அந்தப் பெரிய திரைக்குப் பணம் சேர்க்கும் வரை பொறுத்திருத்தலே நன்று. விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் எங்கே எந்த வகை நூல் கிடைக்கிறது என்பதை அறிந்தால் பாதி குழப்பம் தீரும். 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தமிழ்த் தொண்டர்கள் ஊதியமின்றித் தட்டச்சுச் செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்தது. சங்க நூல்கள் முதல் கல்கியின் புதினங்கள் வரை அங்கே எழுத்துருவில் உள்ளன. 2013-இல் தோன்றிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்னும் முயற்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரே நூலை ஈபப்பாகவும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அளந்து அமைத்த பி.டி.எஃப்பாகவும், ஏ-4 தாளுக்கும் எனப் பல வடிவில் இலவசமாக வழங்கினர். வாசகரின் கையிலிருக்கும் திரையை அளந்து நூலைத் தைத்தவர்கள் அவர்கள். மாறாக, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத் தமிழர் ஆவணங்களைக் காக்க 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டத்திலும் பெரும்பாலானவை பக்கப் படங்களே. அவை பெரும் புதையல். ஆனால் சிறு கருவிக்குரிய புதையல் அல்ல. விலை கொடுத்து வாங்க விரும்புவோர்க்கு, 2016 டிசம்பர் முதல் கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக விற்கப்படுகின்றன. கிண்டிலைப் பொறுத்தவரை ஒரு நுணுக்கம்: ஈபப் கோப்பை அது நேரே திறவாது. நமக்குரிய கணக்குக்கு அனுப்பினால் அதைத் தன் வடிவுக்கு மாற்றி ஏற்கும்; இவ்வசதி 2022-இல் வந்தது. கோபோ போன்றவை ஈபப்பை நேரே திறக்கும்.

எதுவாயினும் வாங்குமுன் தமிழ் எழுத்தைச் சோதித்துப் பார்க்கத் தவறாதீர்கள். நம் எழுத்தில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னே நிற்க வேண்டியவை. பழைய கருவிகள் பல இதை அறியாமல் கொம்பைப் பின்னே தள்ளி, படிக்கவொண்ணாதபடி செய்தன. கொக்கு, கோழி, கௌதாரி, மை, ஸ்ரீ என்று நான்கைந்து சொற்களை ஒரு கோப்பில் எழுதிக் கொண்டுபோய்க் கடையிலேயே திறந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது. எழுத்தைப் பெரிதாக்கியும் பாருங்கள். நம் சொற்கள் நீளமானவை. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது ஒரே சொல் அல்லவா? பெரிய எழுத்தில் வலப்பக்க ஓரத்தைச் சமன் செய்ய முயன்றால் வரிக்கு வரி ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கும் வசதி உள்ளதா என்று கேட்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று புள்ளியில்லாமல் எழுதியவர்கள் நம் முன்னோர். அந்த மயக்கத்தைத் தீர்க்க ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவம் தந்தவர் வீரமாமுனிவர். எழுதும் பொருளோடு எழுத்து போராடுவது நமக்குப் புதிதன்று.

இனி, நம் சமூகத்தில் எத்தகைய வாசகர்கள் இருக்கிறார்கள் என்று நான் கவனித்ததைக் கூறுகிறேன்.

கதை படிப்பவர்கள் முதற்பக்கத்தில் நுழைந்து கடைசிப் பக்கத்தில்தான் வெளியே வருவார்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் முடிக்கும் கூட்டம் நம் விடுதியில் இன்றும் உண்டு. இவர்களுக்குச் சிறு கருவியைப் போல் பொருத்தமானது வேறில்லை. கால் கிலோவுக்கும் குறைவான எடை. படுத்துக்கொண்டு படித்தாலும் முகத்தில் விழுந்து மூக்கை உடைக்காது. (அந்தப் புதினத்தின் ஒரே தொகுதிப் பதிப்பு என் மூக்கில் விழுந்திருக்கிறது.)

பாடப் புத்தகம் படிக்கவென்று இதை வாங்க எண்ணும் பெற்றோர்க்கு நான் உறுதியாகச் சொல்வேன்: வேண்டாம். 2018 முதல் வந்த நம் மாநிலப் பாடநூல்கள் பல வண்ணத்தில் அமைந்தவை. வரைபடம், அட்டவணை, கைப்பேசியால் படிக்க வேண்டிய விரைவுக் குறியீட்டுக் கட்டங்கள் எல்லாம் அவற்றில் உள்ளன. கறுப்பு வெள்ளைச் சிறு திரையில் அவை பாழ். அடிக்கோடிட்டும் ஓரத்தில் எழுதியும் படிப்பவள் தாளிலேயே படிக்கட்டும். பேனாவால் எழுதும் கருவிகள் உள்ளன. ஆனால் ஒரு பள்ளி மாணவிக்கு நான்கு ரூபாய்ப் பென்சில் செய்யும் வேலையே அது.

இன்னொரு வகை வாசிப்பை நான் நம் கன்னியர் மடத்தில் கண்டேன். முதிர்ந்த சகோதரி ஒருவருக்கு அவருடைய உறவினர் அன்புடன் ஒரு கருவி அனுப்பியிருந்தார். அவருக்கும் பார்வை மங்கிவருகிறது. கதை, வரலாறு என்றால் மகிழ்ச்சியோடு அதில் படிக்கிறார். ஆனால் நாள்தோறும் செபிக்கும் திருப்புகழ்மாலையை மட்டும் பெரிய எழுத்து அச்சு நூலிலேயே வைத்திருக்கிறார். காரணம் கேட்டேன். நூலிலிருந்து தொங்கும் பல வண்ண ரிப்பன்களைத் தொட்டுக் காட்டினார். அன்றைய திருப்பாடல் ஓரிடம், வாசகம் ஓரிடம், புனிதருக்குரிய பகுதி வேறோரிடம். விரல் ரிப்பனைத் தொட்டதும் பக்கம் விரியும். கருவியிலோ ஒவ்வொரு தாவலுக்கும் பட்டியலைத் திறந்து, தேடி, காத்திருக்க வேண்டும். “அதுக்குள்ள செபம் மறந்து கருவி ஞாபகம் வந்துடுது டீச்சர்” என்றார். அங்குமிங்கும் தாவிப் படிக்கும் எந்த நூலுக்கும், அகராதிக்கும் சமையல் குறிப்புக்கும் கூட, இதே விதிதான். பட்டிமன்றத்தில் இரு பக்கத்திலும் ஒருவரும் இந்த ரிப்பனைப் பற்றிப் பேசவில்லையே என்று வருந்தினேன்.

கடைசியாக, கடன் கொடுக்கும் வாசகர்கள். என் தாயாரின் பைண்டு புத்தகங்களின் முதல் தாளில் பென்சிலால் ஒரு பட்டியல் இருக்கும். எதிர்வீட்டு அக்கா, தபால்கார அண்ணன் மனைவி, ஐந்தாம் வகுப்பு டீச்சர் என்று, வாங்கிச் சென்றவர்களின் வரிசை. திரும்பி வந்ததும் அடித்துவிடுவார். அடிக்கப்படாத பெயர்களும் உண்டு. அவர்களோடும் அவர் சிரித்துத்தான் பேசினார். விலை கொடுத்து வாங்கும் மின்னூலில் இந்தப் பட்டியலுக்கு இடமில்லை. நாம் வாங்குவது நூலையன்று. படிக்கும் உரிமத்தை மட்டுமே. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லையென்று கண்டு, ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அவர்கள் அறியாமல் நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தது உண்மை. ஆனால் மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி மாணவன் ஒருவன் வீட்டுப்பாடத்துக்காக அந்நூலில் எழுதிவைத்திருந்த குறிப்புகள் நூலின்றிப் பொருளற்றுப் போயின. அவன் வழக்குத் தொடுத்தான். நிறுவனம் வருத்தம் தெரிவித்துச் சமரசம் செய்துகொண்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூற் கடையை மூடியபோது, வாங்கியோர் அலமாரி முழுவதும் ஒரே நாளில் காலியாயிற்று. 2025 பிப்ரவரியில் கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கி, கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வழியும் அடைக்கப்பட்டது. இவற்றைச் சொல்வது அச்சுறுத்த அன்று. பதிப்புரிமை முடிந்த நூல்களையும், ஆசிரியர்களே பொதுவில் விட்ட நூல்களையும் படிப்பவர்க்கு இக்கவலை இல்லை. அவற்றை எவர்க்கும் படியெடுத்துக் கொடுக்கலாம். ஆனால் புது நூல்களை வாங்கி, படித்து, தோழிக்குக் கொடுத்து, அவள் கருத்தைக் கேட்பதில் இன்பம் காண்பவள் என்றால் தாள் நூலையே வாங்கு மகளே என்பேன்.

என் தாயார் கதையை முடிக்கவில்லை. அந்த விடுமுறையில் அறுபது பட நூல்களையும் அழித்துவிட்டு, தட்டச்சு நூல்களை மட்டும் தேடி ஏற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், “இப்ப தெரியுதாம்மா? இப்ப?” என்று கேட்டேன். ஒரு பக்கத்தில் பதினோரு வரி வந்து நின்ற இடத்தில், “நிறுத்து” என்றார். பதினோரு வரி என்றால் அடிக்கொரு முறை பக்கம் புரட்ட வேண்டும். பரவாயில்லை, அதனால் விரலுக்கு வேலை என்று சொல்லிவிட்டார். அக்கருவிக்குப் பக்கவாட்டில் பொத்தான் இல்லை. திரையைத் தொட்டுத்தான் புரட்ட வேண்டும். சில வேளை இரண்டு பக்கம் ஒருசேரப் புரண்டுவிடுகிறது. பொத்தானுள்ள கருவியாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்பது நான் பின்னர் கண்டுகொண்ட இரண்டாவது பிழை. எழுதப் படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து விரலை எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பியவர் அவர். அப்பழக்கத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. இப்போது கல்கியின் நான்காம் பாகத்தில் இருக்கிறார். எதிர்வீட்டு அக்காவை மாலையில் அழைத்து அமர்த்திக்கொண்டு உரக்க வாசிக்கிறாராம். கடன் கொடுக்க இயலாத குறையை அப்படித் தீர்த்துக்கொள்கிறார் போலும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு ஒரு வாரம் கழித்து விடை சொன்னேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு மாதம், எங்கே, எப்போது, என்ன, யாருடைய புத்தகத்தை, எந்த நிலையில் படித்தாய் என்று நாள்தோறும் ஒரு வரி எழுதிக் கொண்டுவா என்றேன். சலிப்பாள் என்று நினைத்தேன், எழுதிக் கொண்டுவந்தாள். அதிலிருந்து நான் அறிந்தவை: அம்மாதத்தில் அவள் படித்தவை நான்கு நூல்கள். மூன்று பள்ளி நூலகத்தினுடையவை. ஒன்று பக்கத்து வீட்டினுடையது. பேருந்தில் நின்றுகொண்டு படித்தது ஒன்பது நாள். தங்கையர் இருவருக்கும் இரவில் வாசித்துக் காட்டியது பதினான்கு நாள். ‘படம் பார்க்கணும்னு சண்டை’ என்று அதில் நான்கு இடத்தில் குறிப்பு. வீட்டில் மின்விளக்கு ஒரு மூலையில் மட்டும் இருப்பதால் பாய் விரிக்கும் இடத்தில் வெளிச்சமில்லை என்பதும் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது.

நான் எதுவும் சொல்லவேண்டிய தேவை எழவில்லை. “எனக்கு இப்ப வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன் மிஸ்” என்றாள். அவள் தந்தை அந்தத் தொகையில் பாய் விரிக்கும் பக்கம் ஒரு விளக்குப் போட்டாராம். புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்று ஆளுக்கு மூன்று நூல்கள் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். மீதத்தை அடுத்த ஆண்டுச் செலவுக்கென்று அஞ்சலகத்தில் போட்டிருக்கிறார். நோட்டுப் புத்தகத்தை அவளிடம் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அதன் பின்னட்டையைக் கவனித்தேன். ‘காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது வாங்க வேண்டியது’ என்று தலைப்பிட்டு, ‘ஆறு இஞ்ச். பொத்தான் இருக்கணும். கொக்கு கோழி பார்க்கணும்’ என்று எழுதிவைத்திருந்தாள்.